மயிலுக்குள் ஒளித்த சேதி

என் விஜிக்கு, ஊர் முன்னால் மட்டும் அண்ணியாக இருந்தவளுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டேன், பழக்கதோஷம்.

பத்தாம் வகுப்பு வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைக் காலி செய்தவள் நீ. அப்புறம் திடீரென்று என் அண்ணனுக்குக் கழுத்தை நீட்டி எனக்கு அண்ணியாக வந்து நின்றாய். "இனிமே அவள வாங்க போங்கன்னு கூப்புடு" என்று அம்மா கண்டித்த அன்று, சமையலறையில் நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். 'வாங்க' என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நீ சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த குழம்பு தீய்ந்துபோனது. அதோடு விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்திலும் நீ, வா, போதான்.

போன வாரம் உன் முதல் வருஷப் படையல். நான் ஆரணிக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டிலேயே நின்று உன்னைப் பார்த்துப் பேசிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தவாசிக்குத் திரும்புகிற பழைய கதை இல்லை. நம் வீட்டுக்குள்ளேயே போனேன். வாசற்படி தாண்டி, கூடம் தாண்டி, உன் கம்ப்யூட்டர் இருந்த அறை வரைக்கும் போனேன். அங்கே உன் படத்துக்கு முன்னால் ஒரு புடவை வைத்திருந்தார்கள். அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீயும் நானும் செய்த வேலையை முதலில் சொல்லாவிட்டால், நாளைக்கு இதை வேறு யாராவது படித்தால் ஒன்றும் விளங்காது. உனக்குத் தெரிந்த கதைதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அப்போது ஆரணியில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அதில் நீ ஒருத்தி. மற்றவர்கள் கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பியதை, நீ திரையில் புள்ளி புள்ளியாக நிரப்பினாய். அந்தப் புள்ளிகளைப் படித்து ஒரு மெஷின் அட்டையில் ஓட்டை போடும். அட்டையில் இருக்கும் ஓட்டையைப் பார்த்துத் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி இழையைத் தூக்கும். கீழே மயிலும் மாங்காயும் ஜரியில் வளரும். அண்ணன் தறிகள் வைத்து, ஆள் போட்டு நெய்து, கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். டிசைன் உன் பொறுப்பு, மற்றதெல்லாம் அவர் பொறுப்பு.

ஒரு மத்தியானம் நீ என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாய். திரையில் இரண்டு மயில்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"கோமு, இந்த மயில பாரு. அந்த மயிலயும் பாரு. இன்னா வித்தியாசம்?"

மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். "ஒண்ணுமில்லயே. ரெண்டும் ஒரே மயிலுதான்."

"இந்த மயிலு ஊமை. அந்த மயிலு உன் பேர சொல்லிகினு இருக்குது."

நான் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சலா என்று. நீ என் கையைத் தட்டிவிட்டு ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாய். ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி திறந்தது. அதற்குள் 'கோமதி ஒரு சோம்பேறி' என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் இருந்தது.

ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அந்தப் புரோகிராம் இருந்ததாம். அதற்கு ஸ்டெகனோகிராஃபி என்று பேராம். அந்தப் பேர் என் வாயில் நுழையவே இல்லை. நீ அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து, 'மயில் பேச்சு' என்று பேர் வைத்தாய்.

"கம்ப்யூட்டருக்கு கலருன்னா வெறும் நம்பருதான் கோமு. மயிலு கழுத்துல இருக்கற நீலம் எரநூறுன்னு வை. அத்த எரநூத்தி ஒண்ணுன்னு மாத்திட்டா உன் கண்ணுக்குத் தெரியுமா? யார் கண்ணுக்கும் தெரியாது. ரெட்டைன்னா ஒரு அர்த்தம், ஒத்தைன்னா ஒரு அர்த்தம். கொஞ்சம் புள்ளிங்க சேந்தா ஒரு எழுத்து. புளியங்கொட்டைய கையில மூடிகினு ஒத்தையா ரெட்டையான்னு ஆடுவமே, அதேதான். மூடின கைக்கு பதிலா மயிலு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் சிலிர்க்கிறது விஜி. ஒரு நீலத்துக்கும் இன்னொரு நீலத்துக்கும் நடுவில், கண் போக முடியாத ஒரு சந்தில், என் பேர் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு எழுதி உள்ளே வைத்தாலும் படத்தின் அளவு கூடவில்லை என்று காட்டினாய். ஒரு பாரமும் ஏறாமல் அது எப்படிச் சுமக்கிறது? அன்று சாயங்காலம் கடைக்குப் போனபோது, சாயம் போட்டுக் காயப் போட்டிருந்த பட்டு நூலையும், சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரையும் நின்று நின்று பார்த்தேன். எல்லாமே எதையோ சொல்லிக்கொண்டிருப்பது போலவும், எனக்குத்தான் கேட்கவில்லை என்பது போலவும் இருந்தது. எதற்காகப் போனேனோ அதை வாங்காமலே திரும்பி வந்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

அந்த வருஷம்தான் பாஸ்கர் நம் வீட்டுக்கு வந்தார். பெங்களூரில் புடவைக் கடைகளுக்கு கேட்லாக் செய்து கொடுக்கும் ஓர் ஆபீசில் வேலை. புடவைகளைப் படம் எடுக்க வந்தவருக்கு, முந்தியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை எனக்கு. "கொஞ்சம் மேல தூக்குங்க, முகம் தெரியலைன்னா பரவால்ல" என்றார். முந்திக்குப் பின்னால் நின்று நான் சிரித்தது அவருக்குக் கேட்டுவிட்டது. அவ்வளவுதான், மற்றது உனக்குத் தெரியும்.

அவர் பெரணமல்லூர் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து அவரைப் படிக்க வைத்திருந்தார்கள். நம் தெருவில் இந்தப் பேச்சை எடுத்தால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுப் போன் கூடத்தில் இருந்தது. தபால் வந்தால் அம்மாதான் வாங்குவாள். பிரௌசிங் சென்டர்காரர் அண்ணனுடைய கூட்டாளி. நான் உன்னிடம் வந்து அழுதேன். நீ என் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. "மயிலு இருக்குது இல்ல?" என்றாய்.

உன் துணிச்சலை இன்று நினைத்தாலும் மூச்சு முட்டுகிறது. அந்த சிடியின் நகல் ஒன்றைப் பாஸ்கர் கையில் கொடுத்து, திறக்கிற வழியையும் சொல்லிக்கொடுத்தாய். புது டிசைன் முடிந்ததும் அதன் படம் கேட்லாக்குக்காகப் பெங்களூருக்குப் போக வேண்டும். நீ அதே படத்தில் இரண்டு செய்வாய். ஒன்று சும்மாப் படம், தறிக்கு. இன்னொன்றில் என் பேச்சைத் தூவி வைப்பாய், பெங்களூருக்கு. அதை ஃபிளாப்பியில் போட்டு அண்ணனிடமே கொடுத்து அனுப்புவாய். "படத்த சுருக்காம அப்படியே அனுப்புங்க, சுருக்கினா கலரு கெட்டுப்புடும்" என்று அவருக்குப் பாடம் வேறு. சுருக்கினால் நொறுங்கிப்போவது என் வார்த்தை என்று அவருக்கு எப்படித் தெரியும்? பாவம் மனுஷன், தங்கச்சியின் காதல் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மொபெட்டில் பிரௌசிங் சென்டருக்குப் போய், கைக்காசு கொடுத்து அனுப்பிவிட்டு வருவார். வந்ததும் "போய் சேந்துடுச்சி" என்பார். நாம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

பாஸ்கரும் கலர் சாம்பிள் என்று படம் அனுப்புவார். நீ உள்ளே இருப்பதை எடுத்துக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாய், நான் தனியாகப் படிக்கட்டும் என்று.

இரண்டு ஃபிளாப்பியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பேர் எழுதினால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று, என் பேச்சு இருக்கிற ஃபிளாப்பியில் உன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்தாய். பெண்கள் பொட்டைக் கண்ணாடியில் ஒட்டுவார்கள், கதவில் ஒட்டுவார்கள், அதைப் பற்றி எந்த ஆம்பிளை யோசிக்கப் போகிறான்? பொட்டு வைத்தது பெங்களூருக்கு, வைக்காதது தறிக்கு. அது ஒன்றுதான் நம் அடையாளம்.

அந்த ஆடி மாதம் வந்தது. ஆடி கழிந்ததும் எனக்கு நிச்சயம் என்று அண்ணன் வேலூரில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்துவிட்டார். நான் சாப்பிடவில்லை. சொல்லவும் தைரியம் இல்லை. முந்திக்குப் போட்ட மயில் டிசைனில் கடைசியாக ஒரு பேச்சு வைக்கச் சொன்னேன். நீ அதைச் செய்துவிட்டு, ரேணுகாம்பாள் கோயில் ஆடி வெள்ளிக்குக் கைக்குழந்தை தேன்மொழியைத் தூக்கிக்கொண்டு படவேட்டில் இருக்கும் உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். அண்ணன் வழக்கம்போல ஒரு ஃபிளாப்பியைப் பெங்களூருக்கு அனுப்பினார், இன்னொன்றை அட்டை அடிக்கக் கொடுத்தார்.

நீ திரும்பி வந்ததும் பெங்களூரிலிருந்து ஒரு படம் வந்தது. நீ திறந்து பார்த்தாய். உள்ளே ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தாய். வெறும் படம். "வழியில கெட்டு போயிருக்கும், பேஜாராவாத" என்று நீ சொன்னாய், ஆனால் உன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆடி போய்க்கொண்டே இருந்தது. என் கேள்விக்குப் பாஸ்கர் சொன்ன பதில் அந்த வெறும் படம்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். நிச்சயத்துக்கு ஜாக்கெட் தைக்க அளவு கொடுத்தேன். தையல்காரம்மா "இன்னா பொண்ணே இப்டி எளச்சிட்ட?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

ஆடி முடிகிற வாரத்தில் நீ என்னை எழுப்பி, தலை வாரி, "கெளம்பு, வந்தவாசிக்கு" என்றாய். பஸ்ஸை விட்டு இறங்கினால் பாஸ்கர் நிற்கிறார். "உங்க வீட்லேர்ந்து போன் வந்துது" என்றார். நீதான் போன் செய்திருக்கிறாய் என்று நினைத்து உன்னைக் கட்டிக்கொண்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தாய். ரிஜிஸ்டர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட்டாய். சாயங்காலம் தெருவில் அண்ணன், "எனக்கு தங்கச்சியே கெடையாது" என்று நாலு பேர் கேட்கக் கத்தினாராம். அந்த வார்த்தை என்னிடம் வந்து சேர ரொம்ப நேரம் ஆகவில்லை.

அதற்கப்புறம் அத்தனை வருஷம். நானும் அவரும் வந்தவாசியில் ஒரு சின்ன போட்டோ, டிசைன் கடை போட்டோம். அண்ணன் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அம்மா போனபோதுகூட ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தேன். நீதான் பஸ் ஸ்டாண்டுக்கு வருவாய், தேன்மொழியைக் கூட்டிக்கொண்டு. அண்ணனைப் பற்றி நான் வாயில் வந்ததைப் பேசுவேன். நீ மறுத்துப் பேசமாட்டாய், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். புருஷனை விட்டுக்கொடுக்க முடியவில்லை போலிருக்கிறது என்று உன்மேலேயே எரிச்சல் வந்திருக்கிறது எனக்கு.

பிறகு அந்தக் காய்ச்சல். வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயும் நீ தங்கவில்லை. தெருவில் போட்ட பந்தலில் நின்று உன்னைப் பார்த்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். தேன்மொழி போன் செய்தாள். "அத்த, அப்பா உங்கள படையலுக்கு வர சொன்னாரு. மாமாவையும் இட்டுகினு வர சொன்னாரு." நான் காதை நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்து, யாரும் கட்டாத கோடிப் புடவையைச் சாத்தி, பூ, வளையல், கண்ணாடி, சீப்பு எல்லாம் வைத்துக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம். அப்புறம் அந்தப் புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். உன்னைத் தெய்வமாக நினைக்க எனக்கு இன்னும் சிரிப்புத்தான் வருகிறது. ஆனாலும் உன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். மெரூன் பட்டு, முந்தியில் பெரிய ஜரி மயில். அந்த மயிலை எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன். மயிலின் உடம்பெல்லாம், தோகையெல்லாம், ஊசிமுனை ஊசிமுனையாக ஜரி இல்லாமல் இருந்தது.

பின்னால் அண்ணன் வந்து நின்றார். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா?

"அதுல நீதான் இருக்குற கோமதி."

எனக்குப் புரியவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு உன் அண்ணி பொட்டு இந்த மேஜ மேல உதுந்து கெடந்துது. பொண்டாட்டி பொட்டு கீழ கெடந்தா புருஷனுக்கு ஆவாதுன்னு சொல்லுவாங்க இல்ல? எனக்கு பயம். எடுத்து பக்கத்துல இருந்த ஃபிளாப்பி மேல ஒட்டிட்டன். பொட்டு இருக்கறத அனுப்ப சொல்லுவா, அனுப்பிட்டன். இன்னொண்ண அட்டைக்கு குடுத்துட்டன்."

"என் உசுருக்கு பயந்து ஒட்டினன். போனது அவதான்" என்றார். தோளில் இருந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

பெங்களூருக்குப் போனது வெறும் மயில். பாஸ்கர் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லாததால், 'இனி வேண்டாம்' என்று நான் சொல்வதாக அர்த்தம் செய்துகொண்டு, அவரும் வெறும் படத்தை அனுப்பியிருக்கிறார். என் பேச்சு தறிக்குப் போய்விட்டது.

"மொதல் பொடவ முந்தி ஏறும்போதே நெய்யறவரு வந்து, 'மொதலாளி, மயிலுக்கு அம்ம போட்டா மாதிரி இருக்குது, ஜரி அங்கங்க தப்பிகினு போவுது'ன்னாரு. ஊக்க பாத்தன், கயிறு பாத்தன், அட்டைய எண்ணி பாத்தன். எல்லாம் சரியாதான் இருக்குது. அப்புறம் இந்த கம்ப்யூட்டர்ல படத்த தொறந்தன். மயிலு அழகா நிக்குது. கலரு லிஸ்ட்ட எடுத்தா கீழ கீழ போய்கினே இருக்குது. மயிலுக்கு மூணே கலருதான் போட்டா உங்க அண்ணி. இத்தினி கலரு எங்கேர்ந்து வந்துது? பாக்க எல்லாம் ஒரே நீலம், ஒரே பச்ச."

விஜி, இந்த இடத்தில் எனக்கு மறுபடியும் உடம்பு சிலிர்த்தது. யார் கண்ணுக்கும் தெரியாது என்று சொன்னாயே, அது சரிதான். கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அட்டை அடிக்கிற மெஷினுக்கு எரநூறும் எரநூத்தி ஒண்ணும் வேறு வேறு. எரநூறுக்கு ஜரியைக் காட்டு என்று நீ சொல்லி வைத்திருந்தாய். எரநூத்தி ஒண்ணுக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அந்தப் புள்ளி வந்தபோதெல்லாம் ஓட்டை விழவில்லை, தறி சும்மா இருந்துவிட்டது. என் பயமும் என் கெஞ்சலும் அத்தனையும், ஜரி விட்ட இடமாகப் பட்டில் ஏறிவிட்டது. நெய்தவர் காலால் மிதிக்க மிதிக்க நான் பேசியிருக்கிறேன். அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"உன் அண்ணிய கூப்ட்டு இன்னாடி இதுன்னன். கதவ சாத்தினா. அப்புறம் உக்காந்து ஏதோ தட்டினா. மயிலுலேர்ந்து உன் பேச்சு வந்துது. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தடுமாறும், அவதான் படிச்சி காட்டினா."

நான் என்ன எழுதச் சொன்னேன் என்பது எனக்கு மனப்பாடம். ஆடி முடிவதற்குள் வாங்க, இல்லை என்றால் இனிமேல் எழுதாதீங்க என்று சொல்லியிருந்தேன். கடைசியில், "அண்ணன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. என்னை அடிப்பாருன்னு பயமில்ல. அவரு அழுவாரு, அதான் பயம்" என்று சேர்க்கச் சொன்னேன்.

அந்த வரியை நீ படித்தபோது அண்ணன் அழுதாரா? நான் அவரிடம் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்க முடியும், நீ இல்லை.

"அவரு ஆபீசு நம்பர உன் அண்ணிகிட்ட வாங்கினு போயி நான்தான் போன் பண்ணன்" என்றார் அண்ணன். "ஜல்தி வந்து இட்டுகினு போங்க. நான் தெருவுல கத்துவேன், மனசுல வெச்சிக்காதீங்கன்னு சொன்னன். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினன், அவருகிட்டயும் உன் அண்ணிகிட்டயும்."

"ஏண்ணா?"

"தெரிஞ்சா நீ வீட்டுக்கு வந்துடுவ. வந்தா தெருவுல அவர ஒரு வார்த்த சொல்லுவாங்க. நான் அத்த கேட்டுகினு நிக்கணும். எதுத்து பேச எனக்கு தைரியம் இல்ல. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்தன். வரல."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு அறை கொடுக்கவும் தோன்றியது. நல்ல மனசை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இத்தனை வருஷமா பூட்டி வைப்பான்? வெளியே நின்றிருந்த என் வீட்டுக்காரரைப் போய் முறைத்தேன். "பேசினது உங்க அண்ணன்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லாதீங்கன்னு கேட்டுகினாரு, இன்னா பண்ண?" அவரையாவது விடு. நீ? அந்த பஸ் ஸ்டாண்டில் நான் அண்ணனைக் கரித்துக் கொட்டிய ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாயே. படத்துக்குள் ஒளிக்கத்தான் உனக்கு புரோகிராம் வேண்டியிருந்தது. இதை நீ வெறும் முகத்திலேயே ஒளித்திருக்கிறாய். நான் அதை நேருக்கு நேர் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை.

கற்பூரம் காட்டி முடிந்தது. கூடம் நிறையச் சொந்தக்காரர்கள், தெருப் பெண்கள். புடவை யாருக்கு என்று எல்லார் கண்ணும் அண்ணன் கையில் இருந்தது. தேன்மொழிக்குத்தான் என்று பேசிக்கொண்டார்கள். அண்ணன் அதை எடுத்து நேராக என்னிடம் நீட்டினார்.

"கட்டிகினு வா."

ஒரு பெரியம்மா முந்தியை இழுத்துப் பார்த்து, "இன்னாடா இது, பழுதான பொடவ, ஜரியே அங்கங்க காணோம்" என்றது.

"பழுது இல்ல பெரிம்மா. அது அப்டிதான் இருக்கணும்."

நான் உன் அறையிலேயே கட்டிக்கொண்டு வந்தேன். கூடத்தில் இலை போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் இன்னும் வாசற்படிக்கு வெளியே செருப்புப் பக்கமாக நின்றுகொண்டிருந்தார். அண்ணன் போய் அவர் கையைப் பிடித்தார். தெருவுக்கே கேட்கிற குரலில், அன்று என்னை இல்லை என்று சொன்ன அதே குரலில், "மாப்ள, உள்ள வாங்க, என் பக்கத்துல உக்காருங்க" என்றார். இரண்டு பேர் எழுந்து போனார்கள். அண்ணன் அவர்களைப் பார்க்கவே இல்லை. பாயசத்தை இவர் இலையில் தானே ஊற்றினார், கொஞ்சம் வெளியில் சிந்தியது.

அன்று நீ இருந்திருக்க வேண்டும். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் முந்தியை விரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார், படித்துவிடலாமா என்று. முடியவில்லை. எந்த இடத்தில் பேச்சு இருக்கிறது என்று பட்டு காட்டுகிறது, என்ன பேச்சு என்று சொல்ல மாட்டேன் என்கிறது. பரவாயில்லை என்றேன். படிக்க வேண்டியவர் படித்துவிட்டார்.

இப்போதெல்லாம் ஃபிளாப்பி கிடைப்பதில்லை விஜி. விரல் அளவு பென் டிரைவில் உன் மொத்த டிசைனும் அடங்கிவிடுகிறது. ஆளுக்கு ஒரு செல்போன், அதில் ஒரு கேமரா. ஒரு நாளைக்கு எத்தனை படம் எங்கிருந்து எங்கே போகிறதோ, எதற்குள் யார் பேச்சு இருக்கிறதோ என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அந்த மத்தியானம் மாதிரியே இருக்கிறது.

ஒன்றே ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். உன் பொட்டு அவ்வளவு சுலபத்தில் உதிராது. சமையல் வேர்வையிலும் உதிர்ந்து நான் பார்த்ததில்லை. படவேட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அது தானாக விழுந்ததா? இல்லை, என் கெஞ்சல் போக வேண்டிய இடம் பெங்களூர் இல்லை என்று நீ நினைத்தாயா? அண்ணனுக்கு இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. கனவிலாவது வந்து சொல். சொல்லாமல் சிரிப்பாய் என்று தெரியும், அதற்காகவாவது வா.

தேன்மொழி ஆறாவது படிக்கிறாள். உன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் உன்னை மாதிரியே நாக்கைத் துருத்திக்கொள்கிறாள். நாளைக்கு அவள் மனசில் ஒருவன் வரலாம், ஒரு ஊர் வரலாம், ஒரு படிப்பு வரலாம். எதுவானாலும் அவள் அதை ஒரு மயிலுக்குள் ஒளித்து வைக்க வேண்டிய நிலைமை வராது. கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, அவளுக்காக நான் வாயைத் திறந்து பேசுவேன். அண்ணனுக்கு மறுபடியும் தைரியம் போய்விட்டால், இந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போய் முந்தியை அவர் மடியில் விரிப்பேன். உன்மேல் சத்தியம்.

உன் பக்கத்து பெஞ்சுக்காரி, உன் நாத்தனார்,
கோமு